டைப் மட்டும் போதாது: ஹாஸ்கெல் வலை லைப்ரரிகளை எழுதிப் பராமரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள லைப்ரரி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஹாஸ்கெல் என்ற நிரல் மொழியில் வலை நிரல்கள் எழுதி, ஆறு ஆண்டுகளாக உங்கள் உழைப்பை நம்பிச் சம்பளம் வாங்குகிறவன் எழுதுகிறேன். எங்கள் தளம் வார்ப் என்ற ஹாஸ்கெல் வலை சர்வரில் ஓடுகிறது. ஏபிஐ (மற்ற நிரல்கள் எங்களோடு பேசும் வாசல்) முழுக்க சர்வென்ட் லைப்ரரி. உள்வேலைக்கான ஒரு பழைய தளம் இன்றும் யெசோட் என்ற வலைக் கட்டமைப்பில் இருக்கிறது. அதைத் தொடவே யாருக்கும் பயமில்லை. ஒரு பக்கத்தின் முகவரியை எடுத்துவிட்டால், அதற்கு இணைப்பு கொடுத்த டெம்ப்ளேட்டுகள் அத்தனையையும், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே காட்டிக் கொடுத்துவிடும். வேறு மொழிகளில் வேலை பார்த்துவிட்டு வந்த எனக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லி முடியாது. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். உங்கள் லைப்ரரியின் முதல் பக்கத்தில் இருக்கும் முதல் உதாரணத்தை, ஆங்கிலம் அல்லாத ஒரு சொல்லை வைத்து, அப்படியே எடுத்து ஓட்டக்கூடிய முழு நிரலாக எழுதி வையுங்கள். டைப்பை (ஒரு ஃபங்ஷன் எந்த வகைத் தரவை வாங்கி எதைத் தரும் என்ற குறிப்பை) பார்த்தாலே புரியும் என்று விட்டுவிடாதீர்கள்.

ஏன் இதைக் கேட்கிறேன் என்பதற்கு ஒரு மாலை நேரத்துக் கதை இருக்கிறது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம், ஹாஸ்கெலில் ஒரு குட்டி சர்வர் எழுதிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். வலை நிரலுக்கும் சர்வருக்கும் இடையிலான பொது இடைமுகமான டபிள்யூ.ஏ.ஐ.க்கு எல்லா இடத்திலும் காட்டப்படும் அந்த உதாரணத்தையே எடுத்தாள். பத்துப் பன்னிரண்டு வரி. பதிலுக்கு ஒரு ஸ்டேட்டஸ், காலியான ஹெடர் (பதிலைப் பற்றிய குறிப்புகள்) பட்டியல், பிறகு மேற்கோள் குறிக்குள் ‘ஹலோ வேர்ல்ட்’. ஓடியது. சந்தோஷத்தில் அந்த ஆங்கிலச் சொல்லை அழித்துவிட்டு ‘வணக்கம்’ என்று தமிழில் போட்டாள். கம்பைல் ஆனது. ஒரு எச்சரிக்கைகூட இல்லை. பிரவுசரைத் திறந்தால் ஒரு மைக்ரோ குறி, ஒரு பவுண்டு குறி, ஒரு கரும்புள்ளி, தலையில் கோடு போட்ட ஒரு ஆங்கில ஐ, இன்னொரு புள்ளி, வட்டத்துக்குள் ஆர், மறுபடியும் அந்த ஐ.

“அண்ணா, கம்பைல் ஆயிடுச்சு. ஆனா என்னமோ வருது.”

ஹெடரில், எழுத்தைப் பைட்டாக்கும் முறை யூடிஎஃப்-8 என்று போடச் சொன்னேன். போட்டதும் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறிகள் வரிசையாக வந்தன. எடிட்டரில் கோளாறோ என்று மாற்றிப் பார்த்தாள். ஃபான்ட் இல்லையோ என்று தேடினாள். இரண்டு மணி நேரம் போய்விட்டது. கடைசியில் உட்கார்ந்து பைட்டுகளை எண்ணினோம். ‘வணக்கம்’ என்ற சொல்லில், உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு கணக்குப்படி 7 குறிகள் உண்டு. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் யூடிஎஃப்-8இல் 3 பைட் ஆகும். 21 பைட் வந்திருக்க வேண்டும். வந்தது 7.

உங்களுக்குக் காரணம் தெரியும். ஓவர்லோடட் ஸ்ட்ரிங்ஸ் என்ற எக்ஸ்டென்ஷன் (மொழிக்கான கூடுதல் வசதி) போட்டிருந்தால், மேற்கோள் குறிக்குள் இருப்பது தேவைக்கேற்ப, எழுத்துகளுக்கான டைப்பான டெக்ஸ்ட்டாகவும் ஆகும், வெறும் பைட்டுகளுக்கான டைப்பான பைட்ஸ்ட்ரிங்காகவும் ஆகும். டெக்ஸ்ட் ஆனால் எழுத்து எழுத்தாகவே இருக்கும். பைட்ஸ்ட்ரிங் ஆனால் ஒவ்வொரு குறியின் கடைசி 8 பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடும். ‘வ’வின் எண் பதினாறடிமான முறையில் 0பிபி5, மிஞ்சுவது பி5 மட்டும். ஆங்கில எழுத்துகள் எல்லாம் 8 பிட்டுக்குள் அடங்கிவிடுவதால் அங்கே வெட்டுவதற்கு எதுவுமில்லை. அதனால்தான் உங்கள் உதாரணம் எப்போதும் சரியாக ஓடுகிறது. பைட்ஸ்ட்ரிங்கின் சார்8 மாட்யூலில் இருக்கும் பேக் ஃபங்ஷன் செய்வதும் இதே வெட்டுத்தான், அதுவும் ஓடும்போது வந்து சேரும் தரவின் மேல்.

திரையில் குப்பை வந்தால்கூடப் பரவாயில்லை, கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத ஒன்று இருக்கிறது. யூனிகோடில் தமிழுக்கும் கன்னடத்துக்கும் ஒதுக்கிய எண்கள் 256 இடைவெளி விட்டு ஒரே வரிசையில் அமைந்தவை: தமிழ் ‘க’ 0பி95, கன்னட ‘க’ 0சி95. ‘கமலா’ என்ற பெயரைத் தமிழில் எழுதி சார்8 வழியாக அனுப்பினால் கிடைக்கும் 4 பைட்டுகளும், அதே பெயரைக் கன்னடத்தில் எழுதி அனுப்பினால் கிடைக்கும் 4 பைட்டுகளும் அச்சு அசலாக ஒன்றே. அந்தப் பைட்டுகளை ரெடிஸ் என்ற தரவுக் கிடங்கில் சாவியாக வைத்திருந்தால் இரண்டு பேரின் தரவும் ஒரே பெட்டிக்குள் போய் விழும். ஒருவருடைய செஷனில் இன்னொருவர் நுழைவதற்கு இது போதும். இவ்வளவுக்கும் டைப் சரி, கம்பைலர் திருப்தி, டெஸ்டுகள் எல்லாம் பச்சை. ஏனென்றால் டெஸ்டில் இருந்த பெயர்களும் ஆங்கிலப் பெயர்கள்தான்.

எச்சரிக்கை எழுதியே வைத்திருக்கிறோம் என்பீர்கள். உண்மைதான். சார்8 மாட்யூலின் ஆவணத்தில் முதலிலேயே இருக்கிறது. மேற்கோளில் இருப்பதைப் பைட்ஸ்ட்ரிங்காக மாற்றும் இன்ஸ்டன்ஸின் குறிப்பில் ஒரு ஜப்பானிய வரியைக் காட்டி, அது எப்படிச் சிதையும் என்றுகூடப் போட்டிருக்கிறீர்கள். அதை எழுதியவருக்கு என் வணக்கம். ஆனால் அது எங்கே இருக்கிறது? ஹாஸ்கெல் பேக்கேஜ்களின் தளமான ஹேக்கேஜில் ஒரு டைப்பின் பக்கத்துக்குப் போய், கீழே இறங்கி, இன்ஸ்டன்ஸ் பட்டியலை விரித்து, அதில் ஒரு வரியை மறுபடியும் விரித்தால் இருக்கிறது. வலைத்தளம் கட்ட வந்தவர் அந்த வழியில் போகவே மாட்டார். அவர் பார்ப்பது முதல் பக்கத்து உதாரணத்தை. அங்கே இருப்பது ‘ஹலோ வேர்ல்ட்’.

அந்த இன்ஸ்டன்ஸையே எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எடுத்தால் எத்தனை பழைய நிரல்கள் உடையும் என்று எனக்கும் தெரியும், எங்களுடையதே உடையும். உதாரணத்தை மாற்றச் சொல்கிறேன். டெக்ஸ்ட்டாக எழுதி, என்கோட் யூடிஎஃப்-8 ஃபங்ஷன் வழியாக அனுப்பி, ஹெடரில் கேரக்டர்செட் போட்டுக் காட்டினால் கூடுவது மூன்று வரி. அந்த மூன்று வரியைப் பார்த்தவர் எழுத்து வேறு, பைட் வேறு என்பதை முதல் நாளிலேயே தெரிந்துகொள்வார். ஹாஸ்கெல் பல மொழிகளை விடக் கறாராகப் பிரித்து வைத்திருக்கும் விஷயம் இது. அதை முதல் உதாரணத்திலேயே நாமே ஏன் மறைக்க வேண்டும்?

உங்களில் சிலர் இதை அருமையாகச் செய்தும் வைத்திருக்கிறீர்கள். ஸ்காட்டி என்ற வலை லைப்ரரியில் டெக்ஸ்ட் என்ற ஃபங்ஷன் டெக்ஸ்ட்டைத்தான் வாங்கும், யூடிஎஃப்-8 ஹெடரையும் தானே போட்டுவிடும். அங்கே ‘வணக்கம்’ வணக்கமாகவே வந்து சேர்கிறது. சர்வென்ட்டின் பயிற்சிக் கையேட்டில் அத்தியாயங்களே ஹாஸ்கெல் கோப்புகள். விளக்கமும் நிரலும் ஒரே கோப்பில் இருப்பதால், லைப்ரரி மாறிக் கையேடு மாறாமல் போனால் கம்பைலே ஆகாது. எல்லா வலை லைப்ரரியிலும் நான் பார்க்க ஆசைப்படுவது இதைத்தான்.

இம்போர்ட் (வேறு மாட்யூல்களை நிரலுக்குள் கொண்டுவரும் வரி) பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஆவணங்களில் வரும் துண்டு நிரல்களில் மேலே இருக்க வேண்டிய பகுதி பெரும்பாலும் இருப்பதில்லை. எந்த எக்ஸ்டென்ஷன், எந்த மாட்யூல், தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் கேபல் கோப்பில் எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு என்று எதுவும் இருக்காது. எழுதியவருக்கு அது கைப்பழக்கம். புதியவருக்கோ டெக்ஸ்ட் என்றால் ஸ்டிரிக்ட்டா (முழுதாக உடனே) லேசியா (தேவைப்படும்போது துண்டு துண்டாக), பைட்ஸ்ட்ரிங் என்றால் ஸ்டிரிக்ட்டா லேசியா என்று நான்கு வழி இருக்கிறது. நான்கும் வெவ்வேறு மாட்யூல், ஆனால் பெயர் இரண்டே. டைப் குறிப்பில் வெறும் பைட்ஸ்ட்ரிங் என்று போட்டிருக்கும். அதன் மேல் மவுஸை வைத்து, இணைப்பு எங்கே போகிறது என்று பார்த்துத்தான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஜிஎச்சிஅப் என்ற நிறுவல் கருவி வந்த பிறகு கம்பைலரை நிறுவுவது ஒரு கட்டளையில் முடிந்துவிடுகிறது. லாங்வேஜ் சர்வர் எடிட்டருக்குள்ளேயே டைப்பைக் காட்டுகிறது. இத்தனை கருவி கையில் வந்த பிறகும் ஒருவர் இம்போர்ட் வரியைத் தேடி அரை நாள் அலைய வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிழைச் செய்திகளும் இதே கதைதான். கம்பைலர் பக்கத்தில் நிறைய நடந்திருக்கிறது. 2023இல் வந்த ஜிஎச்சி (ஹாஸ்கெல் கம்பைலர்) 9.6 முதல் பிழைகளுக்கு எண் உண்டு. டைப் பொருந்தவில்லை என்றால் 83865 என்று வரும், ஹாஸ்கெல் எரர் இன்டெக்ஸில் அந்த எண்ணைத் தேடினால் எளிய விளக்கம் கிடைக்கும். ஆனால் ஏபிஐயின் வடிவத்தையே டைப்பாக எழுதும் லைப்ரரியில் ஹேண்ட்லரின் (கோரிக்கைக்குப் பதில் தரும் ஃபங்ஷனின்) ஒரு அளவுருவை விட்டுவிட்டால், வரும் செய்தி திரையை நிரப்புகிறது. அந்த இடத்தில் என்ன தவறு நடந்திருக்கும் என்று கம்பைலருக்குத் தெரியாது, லைப்ரரியை எழுதிய உங்களுக்குத்தான் தெரியும். 2016இல் ஜிஎச்சி 8.0 வந்ததிலிருந்து டைப்எரர் என்ற வசதி மூலம் உங்கள் சொற்களிலேயே பிழைச் செய்தி எழுத முடியும். இன்னும் அதிகமான இடங்களில் அதைப் பயன்படுத்துங்கள். எல்ம் மொழி 2015இல் தன் பிழைச் செய்திகளை மனிதர் பேசுவது போல மாற்றி எழுதிப் பெயர் வாங்கியது. அந்த எல்ம் கம்பைலர் எழுதப்பட்டிருப்பதே ஹாஸ்கெலில்தான்.

உங்களில் பலர் கூலி இல்லாமல், கிடைக்கிற நேரத்தில் இந்த வேலையைச் செய்கிறீர்கள். ‘இதை மாற்று, அதை மாற்று’ என்று கேட்பவர் நிறைய, செய்து தருபவர் குறைவு. அதனால் கேட்பதோடு நிறுத்தவில்லை. நாங்கள் பயன்படுத்தும் லைப்ரரிகளின் முதல் பக்க உதாரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இம்போர்ட்டும் பதிப்பும் சேர்த்து, தமிழ்ச் சொல் வைத்து ஓட்டிப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறோம். எழுதுவது அன்றைக்கு 7 பைட்டை எண்ணிய அதே பெண்தான். டபிள்யூ.ஏ.ஐ. உதாரணத்தை முதலில் முடித்துவிட்டாள். இந்த வாரம் புல் ரிக்வெஸ்ட்டாக (மாற்றத்தை ஏற்கக் கேட்கும் கோரிக்கையாக) வரும். ‘வணக்கம்’ என்பதற்குப் பதிலாக உங்கள் மொழிச் சொல் எதையாவது போட விரும்பினால் தாராளமாகப் போடுங்கள். 8 பிட்டுக்குள் அடங்காத எழுத்தாக மட்டும் இருக்கட்டும்.

நன்றியுடன்,
ஒரு ஹாஸ்கெல் வலை நிரலாளர்