சித்திக்கு, கேஸ் மாத்திரை விற்றவன் எழுதுவது

அன்புள்ள சித்திக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு பரிமாறிக்கொண்டே கேட்டீர்கள்: "உங்க சித்தப்பாவுக்கு மனச்சோர்வுங்கிறாங்களே, ஒரே வீட்டுல இருந்தும் இது எப்படிடா என் கண்ணுல படாம போச்சு?" சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் பதில் சொல்லாமல் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். பிறகு அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். "பேரு மட்டும் போட்டுராத" என்றார்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதம் அவருக்கு கேஸ் மாத்திரை விற்றது நான்தான். "வயித்துல ஏதோ பிசையுதுடா, சாப்பாடு இறங்க மாட்டேங்குது" என்பார். நானும் ஓர் அட்டையை எடுத்துக் கொடுப்பேன். எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லை, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. ஆள் முகத்தைப் பார்த்தே என்ன வியாதி என்று சொல்லிவிடுவேன் என்று மருந்துக் கடையில் உட்கார்ந்து பெருமையடிக்கிறவன் நான்!

மனச்சோர்வு வந்தவர் அழுதுகொண்டு இருப்பார் என்று நினைத்திருந்தோம். முப்பது வருடம் பஸ்ஸில் விசில் ஊதியவர், அறுபது வயதுக்கு மேல், "எனக்கு மனசு சரியில்லை" என்று யாரிடம் போய்ச் சொல்வார்? வயிறு, முதுகு, தலைபாரம், அசதி என்றுதான் சொல்வார். நடிப்பில்லை, அந்த வலி நிஜம்.

ஆனால் மற்றதெல்லாம் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. பொங்கலுக்கு வந்தபோது நாற்காலிக்கடியில் ஏழெட்டு நாள் பேப்பர் மடிப்புக் கலையாமல் இருந்ததைப் பார்த்தேன். டீக்கு முன்னால் பேப்பரை விரிக்காவிட்டால் அவருக்குப் பொழுதே விடியாதே. "கண்ணாடி பவர் மாறிடுச்சு போல" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். பிடித்த விஷயத்தில் பிடிப்பு விட்டுப்போவது, இந்த நோய்க்கு டாக்டர்கள் முதலில் கேட்கும் இரண்டு கேள்விகளில் ஒன்று. இன்னொன்று, நாள் முழுக்க மனம் கனத்துக் கிடப்பது.

அப்புறம் தூக்கம். ராத்திரி ஒன்பதுக்கே படுத்து, மூன்று மணிக்கு முழிப்பு வந்து, இருட்டில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். "வயசானா தூக்கம் குறையும்" என்று விட்டுவிட்டோம். வயதானால் குறையும்தான். ஆனால் விடியலில் மனம் அப்படிக் கனத்து, சாயங்காலம் கொஞ்சம் லேசாவது வயதால் வருவதில்லை. பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தார், ஞாபகம் இருக்கிறதா? நாம் அதைப் பார்த்துச் சிரித்தோம். 'ஞாபகமே நிக்கல' என்று அவரே புலம்பியபோது மறதி நோயோ என்று பயந்தோம். மனம் சோர்ந்தாலும் மறதி வரும்.

ஒருநாள் சோகம் எல்லாருக்கும் உண்டு. இவற்றில் நாலைந்து சேர்ந்து, அநேகமாகத் தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காட்டிவிட வேண்டும்.

சொல்லவே கஷ்டமான ஒன்று, அந்த பாஸ்புக். ஒரு நாள் உங்களை உட்காரவைத்து பென்ஷன், எல்.ஐ.சி., எந்தச் சாவி எந்தப் பெட்டிக்கு என்று எல்லாம் விளக்கினார். "பொறுப்பான மனுஷன்" என்று சந்தோஷப்பட்டீர்கள். "உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேன்" என்பதையும் அதே வாரத்தில்தான் சொன்னார். இரண்டையும் நாம் சேர்த்துப் பார்க்கவில்லை. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று வாய்விட்டுக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பயப்படுகிறோம். அப்படி ஆகாது. டாக்டர் நேராகவே கேட்டார், சித்தப்பா அன்றைக்குத்தான் அழுதார். வீட்டுக்கு வந்ததும் தோட்டத்துப் பூச்சிமருந்தை நீங்கள் அப்புறப்படுத்தியது நல்ல காரியம். அகால நேரத்தில் பயமாக இருந்தால் 14416-க்குப் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரில் தொடங்கியது. எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

"நம்ம குடும்பத்துல போய் இப்படியா" என்றும் கேட்டீர்கள். பெங்களூரில் இருக்கிற மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஏதாவதொரு மனநலக் கோளாறு இருந்தது. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிற நாம் இதை வெளியே சொல்வோமா என்ன?

இப்போது கடையில் என் கண் மாறிவிட்டது. நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டல், செத்துவிடுவேன் என்ற பயம், பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய் அடங்கிவிடுகிறது என்று ஒரு பையன் மூன்று ஈ.சி.ஜி.யைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூன்றும் நார்மல். பீதித் தாக்குதலாக இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். மாதத்துக்கு இருபது சோப்பு வாங்குகிற அம்மாவை 'சுத்தக்காரி' என்று தெருவே மெச்சுகிறது. அவர் கை தோல் உரிந்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை. திரும்பத் திரும்பக் கழுவச் சொல்லும் மனநோயாகவும் அது இருக்கலாம். இரண்டு மணி நேரமே தூங்கி, களைப்பே இல்லாமல், கடன் வாங்கி ஒரே வாரத்தில் மூன்று தொழில் தொடங்குகிறவனை சுறுசுறுப்பு என்று நினைத்து ஏமாறக் கூடாது. சோர்வுக்கு நேரெதிரான பித்து நிலையாகவும் அது இருக்கலாம். இருபது வயதுப் பிள்ளை ஜன்னலைச் சாத்திக்கொண்டு, அம்மா போட்ட சோற்றில் விஷம் என்று சந்தேகப்பட்டு, தனியாகப் பேசினால் தள்ளிப்போடவே கூடாது. மந்திரிப்பதென்றால் மந்திரிக்கட்டும், மருந்தும் அன்றைக்கே தொடங்க வேண்டும். நேற்றுவரை தெளிவாக இருந்த பெரியவர் இன்று திடீரென்று உளறினால் மனநோய் என்று முடிவுகட்டாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கிருமித்தொற்றோ உப்புக் குறைவோ அப்படிச் செய்யும்.

சித்தப்பாவுக்கும் தைராய்டு, சர்க்கரை, ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை எழுதினார்கள். பத்தாவது நாளே "ஒண்ணும் பிரயோஜனமில்ல" என்று நிறுத்தப் பார்த்தாரே! இது தலைவலி மாத்திரை மாதிரி உடனே கேட்காது, இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். நன்றாக ஆன பிறகும் ஆறு மாதமாவது சாப்பிடச் சொல்வார்கள். "பழக்கமாயிடும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வது தூக்க மாத்திரையோடு போட்டுக் குழப்பிக்கொள்வது. ஆனால் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம்.

பேப்பரை இப்போது தலைப்பு மட்டும் பார்க்கிறார் என்றீர்கள். சரி, பார்க்கட்டும். பெல்ட் இன்னும் ஆணி போட்ட ஓட்டையில்தான் நிற்கிறது. கையில் இருக்கிற அட்டை 18-ஆம் தேதியோடு தீர்கிறது. இரண்டு நாள் முன்னாடியே சீட்டைக் கொடுத்துவிடுங்கள், வாங்கி வைத்துவிடுகிறேன்.

உங்கள் பிள்ளை