தனி நடையில் அஞ்ச வேண்டியது மழைக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான எங்கள் ரீயூனியனைப் பற்றி வந்த பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். எரிமலையைப் பற்றிய பகுதி கண்முன் நின்றது. ஆனால் நெடும்பாதையில் பெண்கள் தனியாக நடக்க வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்திருந்தது என்னை வருத்தியது. காரைக்காலிலிருந்து மணமாகி இங்கே சேன் ஆந்த்ரேவுக்கு வந்து 26 ஆண்டுகள் ஆகின்றன. கடந்த செப்டம்பரில், 51 வயதில், அந்தப் பாதையை முதன்முறையாகத் தனியாக நடந்து முடித்தேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

தலைநகர் சேன் தெனியில் ஏறித் தெற்கே சேன் ஃபிலீப்பில் இறங்கும் ஜி.ஆர். ஆர்-2 என்ற அந்த நெடும்பாதை ஏறத்தாழ 130 கிலோமீட்டர். திருச்சிக்கும் மதுரைக்கும் உள்ள தூரம்தானே என்று தோன்றும். மலையில் அந்தக் கணக்கு செல்லாது. சிலாவோஸ் ஊரிலிருந்து பித்தோன் தெ நேஜ் சிகரத்தின் கீழுள்ள விடுதிவரை தூரம் சில கிலோமீட்டர்தான். ஏற்றமோ 1000 மீட்டருக்கும் மேல். படிபோல் வெட்டிய பாறைகளில் முழங்கால் நடுங்க ஏறினேன். எத்தனை கிலோமீட்டர் என்று இங்கே யாரும் கேட்பதில்லை, எத்தனை மணி நேரம் என்றே கேட்பார்கள். எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று.

ஒருமுறை வழி தவறினேன். மலைகள் சூழ்ந்த மஃபாத் பள்ளத்தில், ரோஷ் பிளாத் என்ற சிற்றூரைவிட்டுக் கிளம்பிய காலை அது. பாறைகளில் வெள்ளைக் கோடும் அதன்கீழ் சிவப்புக் கோடும் இருந்தால் பாதை சரி. இரண்டும் பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் போகக் கூடாது. இது எனக்குத் தெரியும். ஆனாலும் நாற்பது நிமிடம் நடந்த பிறகுதான் வெகுநேரமாக ஒரு கோடும் கண்ணில் படவில்லை என்பது உறைத்தது. வந்த வழியே திரும்பினேன். கிளைபிரியும் இடத்தில், பாசி படர்ந்த கல்லில், ஒரு பெரணி இலைக்குப் பின்னால் அந்தப் பெருக்கல் குறி இருந்தது. இலையை விலக்கிப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. துணையோடு போயிருந்தால் பேச்சு சுவாரஸ்யத்தில் இன்னும் வெகுதூரம் போயிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

மஃபாத்துக்குச் சாலை கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லையேல் ஹெலிகாப்டர். அடிமைத்தளையிலிருந்து தப்பி அங்கே ஒளிந்து வாழ்ந்து, 1751-இல் வேட்டையாடிக் கொல்லப்பட்ட தலைவர் ஒருவரின் பெயரையே அந்தப் பள்ளம் தாங்கியிருக்கிறது. வழி தவறிய அன்று மாலை, மார்லா என்ற ஊரில் விடுதி நடத்தும் அம்மாள், தனியாகவா வந்தாய் என்று இத்தீவின் பேச்சுமொழியான கிரெயோலில் கேட்டார். ஆமாம் என்றதும், பருப்புக் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றி, நாளை ஐந்து மணிக்கே கிளம்பிவிடு, பத்து மணிக்கு மேல் மேகம் கணவாயை மூடிவிடும் என்றார். பதினொரு நாளிலும் என்னிடம் தவறாக நடந்துகொண்டவர் ஒருவரும் இல்லை. தாயிபி கணவாயில் எதிரே வந்த மல்பார் (இங்குள்ள தமிழ் வம்சாவளியினரை அப்படித்தான் அழைப்பார்கள்) இளைஞர் ஒருவர், தமிழ் பேசத் தெரியாதவர், என் நெற்றிப் பொட்டைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்.

ஆகவே, பயமுறுத்த வேண்டுமென்றால் மழையைச் சொல்லிப் பயமுறுத்துங்கள். புயல் காலத்தில் இந்தத் தீவில் கொட்டும் மழை உலகச் சாதனை படைத்தது. ஓடைகள் நிமிடங்களில் பெருகும். மே முதல் நவம்பர் தொடக்கம் வரையே நடைக்கு ஏற்ற காலம். விடுதிப் படுக்கைகளை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மறுநாள் எந்த வழி, எந்த விடுதி என்று ஒவ்வோர் இரவும் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். என் மாமியார் அந்த விடுதிப் பெயர்களைச் சமையலறை நாட்காட்டியில் எழுதிவைத்து, நான் சேர்ந்த செய்தி வந்தபின் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். அவசர உதவிக்கு எண் 112.

இவற்றை அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சேன் ஆந்த்ரே, ரீயூனியன்