அந்த ஒரு வரியைத் திருத்துங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ரஷ்யப் புரட்சி பத்தின கட்டுரையில, லெனினோட போல்ஷ்விக் கட்சிப் பத்திரிகையான பிராவ்தா போர்க்காலத்துலயும் புரட்சியிலயும் தன்னோட நிலைப்பாட்டை மாத்திக்கவே இல்லன்னு ஒரு வரி வந்திருக்கு. இருபது வருஷத்துக்கு மேல சந்தா கட்டிப் படிக்கிறவன் நான், மனசு கேக்கல, எழுதுறேன். உங்களுக்குத் தெரியாததா சார் இது?

1917 மார்ச்ல பிராவ்தா திரும்ப வந்தப்போ மொலோடோவ், ஷ்லியாப்னிகோவ் இவங்கதான் நடத்துனாங்க, ஜார் மன்னர் போனதும் வந்த இடைக்கால அரசை எதிர்த்து எழுதுனாங்க. பத்தே நாள்தான், சைபீரியாவுல இருந்து கட்சித் தலைவருங்க காமனேவும் ஸ்டாலினும் வந்து பொறுப்பை எடுத்துக்கிட்டாங்க, ஜெர்மன் ராணுவம் சுடுற வரைக்கும் நம்ம சிப்பாயும் குண்டுக்குக் குண்டு பதில் சொல்லணும்னு காமனேவ் எழுதிட்டாரு. பெட்ரோகிராட் தொழிலாளிங்க இதென்ன நம்ம பத்திரிகையான்னு கொதிச்சுப் போனாங்க. சுவிட்சர்லாந்துல இருந்து லெனின் எழுதின கடிதங்கள்ல முதலாவதை மட்டும் போட்டாங்க, அதுலயும் வெட்டு. அவரு ஊர் திரும்பி ஏப்ரல் தீசிஸ், அதாவது போரையும் இடைக்கால அரசையும் ஆதரிக்கக் கூடாதுங்கிற அறிக்கையை வெளியிட்டா, மறுநாளே அதே பத்திரிகையில, இது லெனினோட சொந்தக் கருத்துன்னு காமனேவ் மறுத்து எழுதுறாரு! ஜூலையில அரசுப் படை புகுந்து பிராவ்தா ஆபீஸை நொறுக்குச்சு, பேரை மாத்தி மாத்தித்தான் வெளிய வந்தாங்க. அவ்வளவு பட்டவங்க, அக்டோபர்ல ஆட்சிக்கு வந்த ரெண்டாம் நாளே எதிர்ப் பத்திரிகைகளை மூட ஆணை போட்டாங்க, தற்காலிகம்னு சொல்லித்தான் போட்டாங்க. 1918 ஜூலையில எழுத்தாளர் கார்க்கியோட பத்திரிகையையும் மூடிட்டாங்க. இத்தனை சண்டையையும் "மாத்திக்கவே இல்ல"ன்னு ரெண்டு வார்த்தையில அழிச்சுட்டீங்களே.

இதை நான் புஸ்தகத்துல மட்டும் படிக்கல சார். 1999 கார்கில் சமயம் ஒரு உள்ளூர் பேப்பர்ல ப்ரூஃப் ரீடரா இருந்தேன். மகன் எல்லையில இருக்கான், மூணு வாரமா தகவல் இல்ல, யாரைக் கேட்டாலும் பதில் சொல்றதில்லன்னு ஒரு அம்மா கடிதம் எழுதியிருந்தாங்க. யுத்த நேரத்துல இதெல்லாம் வேணாம்னு மேல இருந்து சொன்னாங்க, கடைசி பாதியை நான்தான் சிவப்பு பேனாவால அடிச்சேன். மகன் நாட்டுக்காகப் போயிருக்கிறது பெருமைங்கிற வரி மட்டும் அச்சாச்சு. அந்தம்மா பேப்பரைக் கையில புடிச்சுக்கிட்டு ஆபீஸ் வாசல்ல வந்து நின்னாங்க. "நான் கேட்டது எங்கப்பா?"ன்னாங்க. கொள்கை மாறிடுச்சுன்னு அன்னைக்கு எங்க பேப்பர்ல எந்த அறிவிப்பும் வரல சார்.

உங்க வாசகர் பகுதியும் முன்ன ரெண்டு பக்கம் வந்துச்சு, இப்போ அரைப் பக்கம். போன வருஷம் நான் அனுப்பின கடிதத்தை ஆறு வரியாக்கினதுல சொல்ல வந்ததுக்கு நேர்மாறா ஆயிடுச்சு, போன் பண்ணியும் யாரும் எடுக்கல. கோவம் இல்ல, வருத்தம்தான்.

அடுத்த இதழ்ல அந்த வரிக்கு ஒரு சின்னத் திருத்தம் போடுங்க. இந்தக் கடிதத்துல இடம் பத்தலன்னா என் விஷயத்தை எடுத்துடுங்க, அந்தம்மா கேட்டதை மட்டும் வெட்டாதீங்க.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன், மதுரை