‘ஏன்’ என்ற கேள்வி ஆளைப் பிடிப்பதற்கா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் வெளிவந்த தொழில் மேலாண்மைக் கட்டுரையில், ‘ஐந்து முறை ஏன் என்று கேட்டால் தவறு செய்தவர் தாமாகவே சிக்கிக்கொள்வார்’ என்று ஒரு வரி இருந்தது. முப்பத்தோரு ஆண்டுகள் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்த எனக்கு அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

தாங்கள் அறியாததல்ல, கோளாறின் மூல காரணத்தைத் தேட அடுத்தடுத்து ‘ஏன்’ கேட்கும் இவ்வழியை விளக்க, டொயோட்டா கார் நிறுவனத்தின் பொறியாளர் தாயிச்சி ஓனோ சொன்ன உதாரணத்தில் ஓர் ஆள்கூட வருவதில்லை. இயந்திரம் நின்றதற்குக் காரணம், சுமை மிகுந்து ஃபியூஸ் போனது. சுமை மிகுந்தது பேரிங்குக்கு எண்ணெய் போதாததால். எண்ணெய் போதாதது பம்ப் சரியாக இறைக்காததால். பம்ப் இறைக்காதது அதன் தண்டு தேய்ந்ததால். தண்டு தேய்ந்தது, வடிகட்டி இல்லாமல் உலோகத் துகள் உள்ளே புகுந்ததால். இதில் கட்டுரையாளர் எந்தக் குற்றவாளியைக் கண்டாரோ, அறியேன். இந்தப் பழக்கத்தின் முன்னோடியாகச் சொல்லப்படும், டொயோட்டா குழுமத்தைத் தொடங்கிய சக்கிச்சி டொயோடா, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியைச் செய்தவர். நெசவாளிக்கு மெமோ கொடுத்தவராக அவரைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் ஆலையில் கொடுத்தார்கள். 1994-இல், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் இயந்திரத்தின் பேரிங் இறுகிப் புகைந்தபோது, கிரீஸ் ஏறவில்லை என்பது முதல் பதில், இயந்திரங்களுக்கு எண்ணெயும் கிரீஸும் இடும் ஆயிலரின் கவனக்குறைவு என்பது இரண்டாவது பதில். அத்துடன் விசாரணை முடிந்து அவருக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன் கிடைத்தது. கிரீஸ் செலுத்தும் முனையான நிப்பிளைக் கழற்றிப் பார்த்தவன் நான். பஞ்சுத் தூசி அடைத்துக் கல்லாக இறுகிக் கிடந்தது. மூன்றாவது ‘ஏன்’ கேட்டிருந்தால், உற்பத்தி குறைகிறதென்று வாராந்திரத் துப்புரவை நிறுத்திய சுற்றறிக்கையில் போய் நின்றிருக்கும். அதில் கையெழுத்திட்டவரே விசாரணை அதிகாரி. மறு ஆண்டும் அதே பேரிங் புகைந்தது. அப்போது வேறோர் ஆயிலர் இருந்தார்.

தங்கள் நாளிதழும் இதில் சளைத்ததன்று. பட்டாசு ஆலை வெடித்தால் ‘உராய்வே காரணம்’ என்று முடித்துவிடுகிறீர்கள். அனுமதித்ததைவிட அதிகம் பேர் அந்த அறையில் இருந்தார்களா, இருந்தால் ஏன் என்று தங்கள் நிருபர் கேட்டு நான் படித்ததில்லை. இதைச் சென்ற ஆண்டே எழுதினேன். நான்கு பத்திகளை இரண்டு வரிகளாக்கி வெளியிட்ட பெருந்தன்மைக்கு நன்றி.

ஓனோவின் உதாரணத்தை அடுத்த இணைப்பில் முழுமையாக வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டுமென்றால், வடிகட்டி வரும் வரியையாவது விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூற்பாலை ஃபிட்டர்,
கோயம்புத்தூர்.