டீசல் புகை பற்றி ஒரு திருத்தம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில், "மைக்ரோவேவ் பிளாஸ்மா கருவியைப் பொருத்திவிட்டால் டீசல் புகை தூய காற்றாகவே வெளியேறும்" என்று ஒரு வரி வந்திருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளாக டீசல் பட்டறை நடத்தும் என்னால் அதைக் கடந்து போக முடியவில்லை.

நுண்ணலையால் (மைக்ரோவேவ்) வாயுவை அயனியாக்கி, அதாவது பிளாஸ்மாவாக்கி, கரித்துகளையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் சிதைக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் டீசல் புகையில் எரிந்தது போக மிஞ்சிய ஆக்சிஜன் தாராளமாக இருப்பதால், அந்தப் புகையில் உள்ள நச்சு வாயுவான நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜனாகப் பிரிவதைவிட நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறுவதே எளிது. நுரையீரலுக்கு அது இன்னும் கொடியது. பிளாஸ்மா மிகச் சூடேறினால் நைட்ரிக் ஆக்சைடு புதிதாகவும் உண்டாகும். 1905-இல் நார்வேயில் மின்வில்லைக் கொண்டு வெறும் காற்றிலிருந்து உரம் செய்தது இந்த வழியில்தான் என்பது தாங்கள் அறியாததல்ல. போதாக்குறைக்கு, 800 வாட் நுண்ணலை தரும் சமையலறை அடுப்பே ஏறத்தாழ 1200 வாட் மின்சாரம் இழுக்கிறது. வண்டியில் அதை ஆல்டர்னேட்டர் தர வேண்டும், ஆல்டர்னேட்டர் சுழல மேலும் டீசல் எரிய வேண்டும். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை.

1996-இல் மூலிகைப் பெட்ரோலை எத்தனையோ பேர் நம்பினோம். அதன் பிறகும், எரிபொருள் குழாயில் கட்டும் காந்தத்தைப் பற்றித் தங்கள் இதழில் படித்து என் வாடிக்கையாளர்கள் ஒன்பது பேர் வாங்கினார்கள். மைலேஜ் கூடவில்லை, பழி என் மேல் விழுந்தது. அப்போது நான் எழுதிய இரண்டு கடிதங்களும் வெளியாகவில்லை.

சென்ற வாரம் ஒரு லாரி ஓட்டுநர் தங்கள் இதழை மடித்து எடுத்துவந்து, "இனி யூரியா ஊற்ற வேண்டாமாமே, அண்ணே, அந்த செட்டைக் கழற்றிவிடுங்கள்" என்றார். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை விதி வந்தபோது, கனரக வண்டிகள் மேலே சொன்ன நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடுவதற்கான வரம்பு கிலோவாட்-மணிக்கு 3.5 கிராமிலிருந்து 0.46 கிராமாக இறங்கியது. லாரிகளில் அந்த வரம்பைக் காப்பாற்றித் தருவது, புகையில் தெளிக்கப்பட்டு வினையூக்கியின் உதவியால் நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாக மாற்றும் அந்த யூரியா கரைசல்தான். அந்த செட்டைக் கழற்றிவிட்டாலும் புகைச் சோதனையில் சான்றிதழ் கிடைத்துவிடும், ஏனெனில் டீசல் வண்டிக்கு அங்கே புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத மிச்சத்தை நாள் முழுவதும் மூச்சில் இழுப்பவர்கள் நானும் என்னிடம் தொழில் பழகும் பையன்களும்.

ஆகவே, இந்தக் கருவி யூரியாவுக்கோ வினையூக்கிக்கோ மாற்றாக இன்னும் வரவில்லை என்று அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த ஓட்டுநரிடம் காட்ட எனக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன், டீசல் மெக்கானிக்