மாயமல்ல, அசாந்தி அரசியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆப்பிரிக்க வரலாற்றுப் புனைவில் வரும் ஆவிகளையும் தெய்வங்களையும் ‘மாய யதார்த்தம்’, அதாவது நிஜத்தில் மாயத்தைக் கலக்கும் உத்தி, என ஒதுக்கிவிடுவது நம் விமர்சகர்களின் வழக்கம். கானாவின் அசாந்தி இன வரலாற்றைப் பார்த்தால் அது எவ்வளவு மேலோட்டமானது என்பது தெரியும்.

அசாந்தியரின் பொன் ஆசனத்தில் அவர்களுடைய மன்னர்கூட அமர்வதில்லை. இனத்தின் உயிரே அதில் உறைகிறது என்பது நம்பிக்கை. அதனால் அதைத் தரையில் வைக்காமல் தனிப் பீடத்தில் பக்கவாட்டாகச் சாய்த்து வைப்பார்கள். 1900 மார்ச்சில் பிரிட்டிஷ் ஆளுநர் ஹாட்ஜ்சன் அசாந்தித் தலைநகர் குமாசிக்கு வந்து, தான் உட்கார அது வேண்டும் என்றார். போர் மூண்டது. தலைமை தாங்கிய அரசித்தாய் யா அசாந்தேவா சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1921இல் அங்கேயே இறந்தார். போருக்கு முன்பே, 1896இல், பிரிட்டிஷாரிடம் பிடிபட்ட மன்னர் முதலாம் பிரெம்பே 1924இல்தான் திரும்பினார். நம்பிக்கையை நீக்கிவிட்டால் இந்தப் போருக்குக் காரணமே விளங்காது.

அடிமை வணிகத்தை வெள்ளையர் தலையில் மட்டும் கட்டும் நாவல்களும் உண்டு, அதுவும் பிசகு. வடக்கே பிடித்தவர்களை அசாந்தியரே விற்றார்கள், வீட்டிலும் வைத்துக்கொண்டார்கள். ஒருவருடைய பூர்வீகத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற அவர்களின் சட்டம், அடிமையின் பிள்ளைகளை மெல்லக் குடும்பத்துக்குள் கரைத்தது. அந்த மௌனத்தில்தான் எழுத்தாளனுக்கு வேலை இருக்கிறது.

நம்பிக்கையும் வரலாறும் பிரியாதவை என்பதற்கு இன்னொரு சாட்சி, கானா கடற்கரையில் அடிமை வணிகம் நடந்த கேப் கோஸ்ட் கோட்டை. அங்கே ஆண் அடிமைகளை அடைத்த நிலவறைக்கு நேர் மேலே தேவாலயம். கீழே அதே நிலவறைக்குள் இன்று உள்ளூர்த் தெய்வம் நானா தாபிரின் சன்னதி, பூசாரியோடு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை