தகிட தகிட தக: டென்னசியிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. "உயிரோடு இருக்கிறாயா இல்லையா" என்றுதான் ஆரம்பித்திருக்கிறீர்கள். இருக்கிறேன், நன்றாகவே இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறைச்சல் இல்லை, ஒரு ரசம் வைத்தால் இரண்டு நாள் ஓடுகிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். காரை விற்றுவிட்டேன். கடை நடக்கிற தூரம்தான், நடந்தால் உடம்புக்கும் நல்லது. குளிருக்கு அம்மாவின் சால்வையை வீட்டுக்குள்ளேயே போர்த்திக்கொள்கிறேன், ஹீட்டரைக் கூட்டினால் தோல் வறண்டுபோகிறது.

பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். என் பெயர் வாயில் நுழையாததால் இன்றுவரை என்னை 'நெய்பர்' என்றுதான் கூப்பிடுகிறார். சாயங்காலமானால் கராஜில் பாஞ்சோவோடு உட்கார்ந்துவிடுவார். வட்டச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டி மேலே ஐந்து தந்தி, அதில் கட்டைவிரலுக்கான ஐந்தாவது மட்டும் குட்டை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வழியாக வந்த வாத்தியம் இது. முன்பெல்லாம் கன்றுத்தோல், இப்போது பிளாஸ்டிக், அதனால் மழைக்காலத்தில் நீங்கள் மிருதங்கத்தோடு போடுகிற சண்டை இவருக்கு இல்லை.

வாசிப்பது புளூகிராஸ், தந்தி வாத்தியங்களை வைத்து வாசிக்கிற இந்தப் பக்கத்து நாட்டுப்புற இசை. மலைக்கு அந்தப் பக்கம், வட கரோலினாவில் ஷெல்பிக்கு அருகே பிறந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்கிற பாஞ்சோக்காரர் 1945 கடைசியில், இந்த இசைக்கே தந்தை என்று சொல்லப்படுகிற பில் மன்றோவின் குழுவில் சேர்ந்து வாசித்த மூன்று விரல் பாணிதான் இவருடையதும். ராகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, கோர்வை தீர்மானம் எதுவும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் காலப்பிரமாணம் இருக்கிறதே, அதை நீங்கள் கேட்க வேண்டும்.

டிரம்மே இல்லை. பேஸ் என்கிற, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம் இரண்டு அடி போடுகிறது, அந்த அடிகளுக்கு நடுவில் மாண்டலின் தந்தியை அமுக்கி 'சக்' என்று வெட்டுகிறது (நம் ஊரில் மாண்டலினில் பாட்டுதான் கேட்டிருக்கிறோம், இங்கே அது தாளக்காரர் வேலையும் பார்க்கிறது). பாஞ்சோ இந்த இரண்டு அடிக்குள் எட்டு நோட்டு, அதாவது எட்டு ஸ்வரம், வாசிக்கிறது, மூன்று விரலும் மாறி மாறி விழுவதால் அழுத்தம் தகிட தகிட தக என்று மூன்று, மூன்று, இரண்டாக வருகிறது! இரண்டாவது தகிட, பேஸின் இரண்டாவது அடிக்கு ஒரு நோட்டு முந்தியே வந்துவிடும், கடைசித் தக மாண்டலின் வெட்டோடு சேர்ந்து விழும். இதுவரை உங்களுக்குப் புதிது இல்லை.

புதிது வேறொன்று. நோட்டு முழுவதுமே அடியின் மையத்தில் விழாமல் ஒரு மயிரிழை முன்னால் விழுகிறது. அதீத எடுப்பா, தாளத்துக்கு முன்னாலேயே பாட்டை எடுப்பதா என்று கேட்பீர்கள், இல்லை, அது எண்ணிச் சொல்லக்கூடிய கணக்கு, இது கை போட்டு எண்ண முடியாதது. வேகமும் கூடவில்லை, டிக் டிக் என்று காலம் காட்டுகிற மெட்ரோனோம் இயந்திரத்தை வைத்துப் பார்த்தேன், எடுத்த காலத்திலேயே பாட்டு முடிகிறது, ஆனாலும் கேட்கிறவனை யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல இருக்கிறது. எல்லா நோட்டும் அதே அளவு முந்தியிருக்க வேண்டும், ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் அது வெறும் ஓட்டம். மெதுவான பாட்டு வந்தால் அதே விரல்கள் அடிக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்துகொள்கின்றன.

இதற்கு அவர் செய்கிற சாதகம் உங்களுக்குப் பிடிக்கும். மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து, அந்த டிக்கை பேஸ் அடியாக எடுத்துக்கொள்ளாமல் மாண்டலின் வெட்டாக எடுத்துக்கொண்டு வாசிக்கிறார். முதல் அடி எங்கே என்று இயந்திரம் சொல்லாது, அவரே மனதுக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். 2021-இல் காலமான பாஞ்சோக்காரர் ஜே. டி. க்ரோவின் இசைத்தட்டைப் போட்டு, எங்கெல்லாம் அவசரப்படாமல் இருக்கிறார் பார் என்பார்.

சில நாள் அந்த டிக் டிக் கேட்கும்போது, நம் திண்ணையில் பையன்களுக்கு நீங்கள் தட்டுகிற கட்டைதான் கேட்கிறது. "ஓடாதேடா, ஓடாதே." எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள், அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது யாராவது திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கிறது அப்பா. போனில் பேச ஆரம்பித்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் எடுப்பதில்லை.

சரி, அதை விடுங்கள். பணம் இந்த மாதம் கொஞ்சம் தாமதமாகும், ஏதோ பேங்க் வேலை, கவலைப்பட ஒன்றுமில்லை. அதுவரை நகைக்கடனுக்கு வட்டி மட்டும் கட்டி, வளையலை ஏலத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அக்காவின் சீமந்தத்துக்கு மேலத்தெரு சமையல்காரரையே சொல்லிவிடுங்கள், போன தடவை வந்தவர் வேண்டாம், பாயசத்தைக் கெடுத்தார். பெரியப்பா கொண்டுவருகிற பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். கிணறு யார் பக்கம் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று மாமாவை முதலில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள், வில்லங்கச் சான்றிதழும் எடுக்கச் சொல்லுங்கள். பின்கட்டுக் கூரை ஓடுகளை மழைக்கு முன்னால் மாற்றியாக வேண்டும், எவ்வளவு ஆகும் என்று கொத்தனாரிடம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சின்னவன்